காலை மாத்திரைத் தட்டு: முதியோர் இல்லத்தில் பிரஷர் மருந்து கொடுக்கப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் காலையிலேயே உங்கள் கையில் ஒரு தட்டைக் கொடுப்பார்கள். வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு, உள்ளே இரண்டோ ஐந்தோ மாத்திரைகள். நைட் டியூட்டி பார்த்தவர் போட்டு வைத்துவிட்டுப் போயிருப்பார். "எல்லாம் ரெடி, கொண்டுபோய்க் கொடுத்தாப் போதும்" என்பார்கள்.

அந்தத் தட்டை வாங்காதீர்கள். அட்டையிலிருந்து உரித்துப் போட்ட வெள்ளை மாத்திரை எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தட்டு ஒருமுறை சாய்ந்தால் போதும், ரெண்டு கிண்ணத்து மாத்திரை கலந்துவிடும். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். மாத்திரையை விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தவர் கையாலேயே கொடுத்து, அவரே பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும். புதிய ஆள் இப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நான் இங்கே சொல்வது வயதானவர்கள் தங்கி வாழும் இல்லங்களைப் பற்றி. நம்மூரில் நர்சிங் ஹோம் என்று சொல்லும் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியைப் பற்றி அல்ல. ஆஸ்பத்திரியில் டாக்டர் தினமும் ரவுண்ட்ஸ் வருவார். இல்லத்தில் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது, மற்ற நாளெல்லாம் போன்தான். மூன்று மாதத்துக்கு முன்பு எழுதிய மாத்திரை இன்றைக்கும் அந்த உடம்புக்குப் பொருந்துகிறதா என்று தினமும் பார்க்கிற கண் உங்களுடையது மட்டும்தான். மாத்திரை கொடுப்பது பயிற்சி பெற்ற நர்ஸின் பொறுப்பு. ஆள் பற்றாக்குறையால் பராமரிப்பாளர் கொடுக்க நேர்ந்தால் டாக்டர் எழுதியதை மட்டும், நர்ஸ் கற்றுக்கொடுத்த முறையில் மட்டும் கொடுக்க வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் இருவருக்குமே உரியதல்ல.

முதல் வேலை: டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மருந்து டப்பா இருக்கும். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே, நாளைக்கு மூன்று பேர் என்ற கணக்கில், டப்பாவைக் கட்டிலில் கொட்டி டாக்டர் எழுதிய பட்டியலோடு ஒவ்வொரு அட்டையாக ஒப்பிடுங்கள். கம்பெனி வைத்த பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் நடந்தது. ஒரு பாட்டிக்குப் பல வருடமாக அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, 5 மில்லிகிராம். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு புது மாத்திரை. அது டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பெயர் வேறாக இருந்ததால் நாங்கள் பழையதை நிறுத்தாமல் புதியதையும் சேர்த்துக் கொடுத்தோம். ரெண்டு வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபின் அதிகமானால் கால் வீங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. போனில் "கால் வீக்கம் டாக்டர்" என்றோம், நீர் பிரிய ஃபுரோசிமைடு எழுதினார். பாட்டி ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்தார். நாலாவது தடவை விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. பிறகு டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோதுதான் ரெண்டு அட்டையிலும் ஒரே மருந்து இருப்பது தெரிந்தது. யாரும் பெரிய தப்பு செய்யவில்லை. ஆளுக்கொரு சின்னத் தப்பு செய்தோம்.

கூட்டு மாத்திரைகளை அடையாளம் காண ஒரு குறுக்கு வழி உண்டு. பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். டெல்மா என்றால் டெல்மிசார்டன் மட்டும். டெல்மா ஏ.எம். என்றால் கூடவே அம்லோடிபின். டெல்மா ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, சி.டி. என்றால் குளோர்தாலிடோன், இரண்டுமே நீர் பிரிக்கும் மருந்துகள். இதில் எதை வேண்டுமானாலும் கடையில் "டெல்மா குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுவார்கள். மற்றக் கம்பெனிகளும் இதே மாதிரி வால் வைக்கின்றன, ஆனால் எல்லாரும் ஒரே எழுத்தை வைப்பதில்லை. எழுத்து சந்தேகத்தைக் கிளப்பட்டும், முடிவை மருந்தின் பெயரைப் படித்துச் செய்யுங்கள்.

அரசு மாத்திரையும் கவனிக்க வேண்டியது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு ஆரம்ப சுகாதார நிலையத்து பிரஷர் மாத்திரை பலரின் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அப்பாவை இல்லத்தில் சேர்த்த மகன், வீட்டில் மிச்சமிருந்த அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். மருந்து நல்லதுதான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் டெல்மா மாதிரி கம்பெனி வைத்த பெயர் இருக்காது, மருந்தின் பெயர்தான் இருக்கும். நீங்கள் கடையில் வாங்கிக் கொடுக்கும் அட்டையும் அதுவும் ஒன்றே என்று யாராவது கவனித்தால் உண்டு. தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் சொந்தமாக மாத்திரை வைத்திருக்கும் தாத்தாக்களும் உண்டு. பிடுங்காதீர்கள், பேசி வாங்குங்கள்.

இன்னொன்று: வெட்டிக் கொடுத்த அட்டை. கடைக்காரர் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார், காலாவதித் தேதி அவர் கையில் இருக்கும் துண்டோடு போய்விடும். முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் பில்லில் இருக்கும் தேதியை அட்டையோடு பின் செய்து வையுங்கள். உரிக்கும்போது தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசியில் உரியுங்கள்.

அளப்பது

மாத்திரைக்கு முன்பு பிரஷர் பார்க்க வேண்டும், மாத்திரை போட்ட பிறகு அல்ல. பாத்ரூம் போய்வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இதுதான் நடக்காத காரியம். இல்லத்தில் ஆறு மணிக்குக் காபி வந்துவிடும், ஆகவே அதற்கு முன்பே அளக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. கையை மேசையிலோ தலையணையிலோ நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள், தொங்கவிட்டால் அளவு கூடிக் காட்டும். அளக்கும்போது பேச்சு வேண்டாம். பேத்தி கல்யாணக் கதையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கையில் சுற்றும் பட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். இல்லத்தில் அதைவிட அதிகம் பார்ப்பது எலும்பும் தோலுமான கை. அதற்குப் பெரிய பட்டை சுற்றினால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ரெண்டு அளவிலாவது பட்டை வாங்கச் சொல்லி நிர்வாகத்தை நச்சரியுங்கள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி இறுக்கிவிட்டு அளக்காதீர்கள், அந்தச் சுருட்டலே கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையில் அளக்கவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்த பக்கத்தையும் தவிர்க்கவும்.

ஒரு நிமிட இடைவெளியில் ரெண்டு முறை அளந்து ரெண்டையும் எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் ரெண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ அதையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள், சார்ட்டில் குறித்தும் வையுங்கள். மெஷின் காட்டும் நாடியை நம்பி விட்டுவிடாமல் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சீராக இல்லாமல் விட்டுவிட்டுத் துடித்தால் மெஷின் அளவு முன்னே பின்னே இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிற்க வைத்தும் பாருங்கள்

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நீங்கள் இல்லத்தில் புகுத்திவிட்டால்கூடப் போதும். உட்கார்ந்திருக்கையில் 140 காட்டும் தாத்தா எழுந்து நின்றதும் 105க்கு இறங்கிவிடலாம். உட்கார்ந்த அளவை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் அவர் ஏன் விழுகிறார் என்று கடைசிவரை தெரியாது. "வயசாயிருச்சு, கால் தடுமாறுது" என்று பேசிக்கொள்வோம்.

படுத்த நிலையில் ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். பிறகு எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள், பின்னால் ஒரு நாற்காலி கட்டாயம். கிறுகிறுப்பு என்றால் உடனே உட்கார வைத்துவிடுங்கள், எண் வேண்டாம். புதிதாக வந்தவருக்கும், மாத்திரையோ அளவோ மாறியவருக்கும், விழுந்தவருக்கும் இதைச் செய்ய வேண்டும். புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் போடும் தாத்தாக்களை மறக்காதீர்கள். அது பிரஷர் மாத்திரை இல்லை என்பதால் யார் கண்ணிலும் படாது, ஆனால் நிற்கும்போது பிரஷரை இறக்கும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ளும், வெந்நீர்க் குளியல் முடிந்து எழும்போதும் பிரஷர் இறங்குவது உண்டு.

எந்த எண்ணில் கையை நிறுத்த வேண்டும்

பிரஷர் ஏறிவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு இறங்கிவிடுமோ என்று யாரும் பயப்படுவதில்லை. பிரான்ஸ், இத்தாலி முதியோர் இல்லங்களில் 80 வயதைத் தாண்டிய 1,127 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேல் எண் 130க்குக் கீழே இருந்து, ரெண்டோ அதற்கு மேலோ பிரஷர் மருந்து எடுத்தவர்களிடம் மற்றவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது. மாத்திரைதான் காரணமா, ஏற்கெனவே தளர்ந்த உடம்பா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே சமயம் 80 தாண்டியவர்களுக்கு பிரஷர் மருந்து பக்கவாதத்தையும் இதயச் செயலிழப்பையும் குறைக்கிறது என்று 2008ல் வந்த ஹைவெட் ஆய்வு காட்டியது. அதில் குறிவைத்த அளவு 150க்கு 80. அதில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஓரளவு திடமாக இருந்தவர்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே எண் என்று சுவரில் எழுதி ஒட்டுவது சரிவராது.

ஒவ்வொருவர் சார்ட்டின் மேலேயும் டாக்டர் கையால் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: மேல் எண் எவ்வளவுக்குக் கீழே போனால், நாடி எவ்வளவுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்துப் போன் செய்ய வேண்டும். பெரும்பாலும் மேல் எண் 100 அல்லது 110, நாடி 50 அல்லது 60 என்று எழுதுவார்கள். எழுதாமல் போனால் விடாதீர்கள். நாடி எண் குறிப்பாக அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற லாலில் முடியும் மாத்திரைகளுக்கு. டில்டியாசெமும் நாடியைக் குறைக்கும்.

நிறுத்திவைத்தால் அந்த நிமிடமே போன் செய்ய வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து "பிரஷர் கம்மி, கொடுக்கவில்லை" என்று எழுதிவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பது ஆபத்து. குளோனிடின் என்ற பிரஷர் மருந்தைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் தாறுமாறாக ஏறும். லால் மாத்திரைகளை நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். எண் சரியாக இருந்தாலும் ஆள் வழக்கம்போல இல்லை, தூங்கி வழிகிறார், உளறுகிறார், தலை சுற்றுகிறது என்கிறார் என்றால் அப்போதும் கையை நிறுத்திக் கேளுங்கள்.

கொடுக்கும் நேரம்

"நீங்க சரோஜா பாட்டிதானே?" என்று கேட்டால் காது கேட்காத கமலாவும் "ஆமாம்மா" என்பார். மறதி நோய் உள்ளவர்கள் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார்கள். "உங்க பேரு என்ன பாட்டி?" என்று கேளுங்கள். சொல்ல முடியாதவருக்கு சார்ட்டில் ஒட்டிய போட்டோவைப் பாருங்கள். ஒரே இல்லத்தில் ரெண்டு சரோஜா இருந்தால் ஆர். சரோஜா, எஸ். சரோஜா என்று எழுதுவது போதாது. அவசரத்தில் இனிஷியலை யார் படிக்கிறார்கள்? ஒரு சார்ட்டுக்குச் சிவப்பு அட்டை போடுங்கள்.

சீட்டில் இருக்கும் அளவையும் நிதானமாகப் படியுங்கள். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அரை மாத்திரை என்பதை 1/2 என்று கிறுக்கியிருப்பார்கள். அது 1-2 மாதிரி தெரியும். சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்டு "அரை" என்று எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுங்கள். விழுங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நீங்கள் போனதும் துப்புகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி போங்கள். அதற்கும் மறுத்தால் மறுத்தார் என்று எழுதிச் சொல்லுங்கள். தயிர்சாதத்தில் ஒளித்து வைத்து ஊட்டுவது பல இல்லங்களில் சகஜம். அது ஒரு மனிதரை ஏமாற்றுவது. மறதி முற்றியவர்களுக்கு வேறு வழியே இல்லை என்றாலும் டாக்டரும் குடும்பமும் பேசி எழுதி வைத்த பிறகே செய்யலாம்.

விழுங்க முடியாதவருக்குப் பொடித்துக் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பெயரின் பின்னால் எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பார். மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பவர்களுக்கும் இதுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையா இரவா என்று ஒரு காலத்தில் பெரிய விவாதம். பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடத்தி 2022ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தினமும் ஒரே நேரம் என்பதே பெரிது. நீர் பிரிக்கும் மாத்திரையை மட்டும் மாலைக்குப் பிறகு தள்ளாதீர்கள், காரணத்தை மேலே பாட்டி கதையில் சொல்லிவிட்டேன்.

விட்டுப்போனால், வாந்தி எடுத்தால், வயிறு போனால்

காலை மாத்திரை விட்டுப்போய் மதியம் நினைவு வந்தால் டாக்டரைக் கேட்டுக் கொடுக்கலாம். அடுத்த நாள் ரெண்டாகச் சேர்த்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. அம்லோடிபின் போன்றது உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும், ஒரு வேளை தவறியதால் பிரஷர் உடனே பறந்துவிடாது. மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தால் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள். வாந்தியில் மாத்திரை தெரிந்ததா, எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பேதி, வாந்தி, காய்ச்சல், சாப்பாடு இறங்காத நாட்களில் வழக்கம்போல மாத்திரையை நீட்டுவதுதான் நான் பார்த்த பெரிய தவறு. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது நீர் பிரிக்கும் மாத்திரையும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகையும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அன்று காலையே போன் செய்து எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். முட்டிவலிக்கு டைக்ளோபெனாக் போடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், மூன்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஏகாதசி, சஷ்டி என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பாட்டிகளையும், ரமலான் நோன்பு இருப்பவர்களையும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றி வாங்குங்கள்.

சாப்பாட்டில் மூன்று விஷயம். வெயிலுக்கு இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றும் டெல்மிசார்டனும் ஸ்பைரனோலாக்டோனும் எடுப்பவருக்கு, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு தினமும் ஒன்று வெட்டிக் கொடுக்காதீர்கள். "பிரஷருக்கு நல்லது" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம்தான். மூன்றாவது, காஸ் என்று தண்ணீரில் நுரைக்கக் கரைத்துக் குடிக்கும் பொடி. ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்திவிட்டு அதில் சோடியத்தைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மெஷின் 190 காட்டினால்

பதறாதீர்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கிறதா, வலி இருக்கிறதா, யாரோடாவது சண்டையா, நேற்று மாத்திரை விழுங்கினாரா என்று பாருங்கள். ஐந்து பத்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி அளங்கள். அப்போதும் 180க்கு 120ஐ ஒட்டி இருந்து வேறு தொந்தரவு இல்லை என்றால் டாக்டருக்குப் போன். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் விழுவது, வாய் கோணல், பேச்சுக் குழறல், திடீர் குழப்பம், பார்வை மங்கல் இருந்தால் 108. பேச்சு எத்தனை மணிக்குக் குழறியது என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவது ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் நடந்தது. பிரஷர் சட்டென்று சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் கைவிட்ட முறை அது. மூத்தவர் யாராவது "நாங்க அப்பல்லாம்" என்று ஆரம்பித்தால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். இன்னொரு மாத்திரை கூடுதலாகக் கொடுப்பதும் அதே கதைதான்.

பிரஷர் இறங்கி மயங்கினால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். பிரஷரோடு சர்க்கரையும் பாருங்கள், ரெண்டு மருந்தும் எடுப்பவர்கள்தான் அதிகம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பதிவேடு

கொடுத்த பிறகு எழுதுங்கள். முன்கூட்டியே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கம் உள்ள இடத்தில் பதிவேடு வெறும் காகிதம். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடி, எந்தக் கை, கொடுத்ததா நிறுத்தியதா, நிறுத்தியிருந்தால் யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். டாக்டர் போனில் சொன்னதை அவரிடமே திருப்பி வாசித்துக் காட்டி உறுதி செய்து எழுதுங்கள். "அம்லோடிபின் ரெண்டரை மில்லிகிராம், காலையில் மட்டும், நாளையிலிருந்து, சரியா டாக்டர்?" அடுத்த முறை வரும்போது கையெழுத்து வாங்குங்கள்.

மாறி வருபவரிடம் டியூட்டியை ஒப்படைக்கும்போது இருபது பேரின் எண்ணையும் ஒப்பிக்க வேண்டாம். யாருக்கு மாத்திரை மாறியது, யாருக்கு நிறுத்தியது, யார் இன்று தடுமாறினார், யாருக்கு வயிறு சரியில்லை என்று நாலு பேரை மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த நாலு பேர் கட்டிலுக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். காலைக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள், காலியாக.